‘வீட்ல இல்லீக’ன்னு சொல்லிப் பழகுன மூளை

நான் காரைக்குடில வீட்லயே பலகாரம் போட்டு ஆர்டர் எடுத்துப் பண்றேன். தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச்சீடை, மாவுருண்டை, மனகோலம், கல்யாணம் சாந்தி எதுன்னாலும். இந்தத் தொழில்ல போன் எடுத்துத்தான் ஆகணும். ஒருநா அடுப்புல எண்ணெய் காஞ்சுட்டு இருக்கு, கையெல்லாம் மாவு, தெரியாத நம்பர்லேர்ந்து கால், புறங்கையால ஸ்பீக்கர்ல போட்டேன், ஒரு அண்ணன் "பலகாரம் போடுற ஆச்சி இருக்காகளா"ன்னாரு. நான் யோசிக்கவே இல்ல, "இல்லீகளே, ஊருக்குப் போயிருக்காக, எப்ப வருவாகன்னு தெரியல"ன்னு சொல்லி கட் பண்ணிட்டேன். நான்தாங்க அந்த ஆச்சி, எங்க பக்கம் பொம்பளைகள அப்படித்தான் கூப்பிடுவாக. கூட முறுக்கு சுத்திட்டு இருந்த அக்கா நிமிந்து பாத்து "யாரு ஊருக்குப் போயிருக்காக?"ன்னு கேக்குறாங்க. தேவகோட்டைல பெரிய கல்யாண ஆர்டராம் அது, வேற ஆளுக்குப் போயிருச்சு.

பயந்து பொய் சொன்னேன்னு சொல்ல முடியாது, ஏன்னா பயம் அப்புறமாத்தான் வந்துச்சு, போனை வச்சப்புறம்தான் நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சுச்சு. வாய் முந்திக்கிச்சு. அந்த வாக்கியம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும், ஒன்பது வயசுல மனப்பாடம் பண்ணது.

எங்க பூர்வீக வீடு காரைக்குடிக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல, ஊர் பேரு வேணாம். முகப்பு, வளவு (நடு முற்றம்), ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியிற வீடு. பங்காளிக எல்லாம் சென்னை, மலேசியான்னு போயிட்டாக, பாதி அறை பூட்டிக் கெடக்கும், வெளியேர்ந்து பாக்குறவுகளுக்கு அரண்மனை, உள்ள நாங்க நாலு பேரு பின்கட்டுல இருந்தோம். எங்க அப்பச்சி, அதாவது அப்பா, சின்ன அளவுல சீட்டும் டெபாசிட்டும் நடத்துனாக. 90கள்ல தமிழ்நாடு பூரா பைனான்ஸ் கம்பெனிக வரிசையா விழுந்தது ஞாபகம் இருக்கும், ஜனங்க போட்ட காசு போயி, அப்புறம்தான் 1997ல டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. பெரிய கம்பெனிக கதை பேப்பர்ல வந்துச்சு, எங்கள மாதிரி சின்ன எடத்துக் கதை முகப்புத் திண்ணையிலயே நடந்துச்சு.

காசு போட்டவுக காலைல ஆறு மணிக்கே வந்து உக்காந்துருவாக. கதவு அந்தக் காலத்து பர்மா தேக்கு, வளையத்தப் புடிச்சு தட்டுனா சத்தம் வளவு தாண்டி அடுப்படி வரைக்கும் வரும். ஆத்தாவால, அதாவது எங்க அம்மாவால, போயி பேச முடியாது, அப்பச்சி சில நாள் நெசமாவே இருக்க மாட்டாக, சில நாள் மாடி அறைல இருப்பாக. சின்னப்புள்ளைய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாகன்னு என்னையத்தான் அனுப்புவாக. "அப்பச்சி இருக்காகளா?" "இல்லீக, ஊருக்குப் போயிருக்காக, எப்ப வருவாகன்னு தெரியல." இத சொல்லையில கண்ணைப் பாக்கணும், மாடிப்படிப் பக்கம் மட்டும் பாத்துறக் கூடாது. தட்டுற சத்தத்த வச்சே யாரு, எவ்வளவு கோவம்னு சொல்லிருவேன்.

திட்டுனவுக யாரும் எனக்கு ஞாபகத்துல நிக்கல. ஒரு பெரியவரு மட்டும் நிக்கிறாரு. மக கல்யாணத்துக்குன்னு போட்டு வச்ச காசு அவருக்கு. அவரு சத்தம் போடல, திண்ணைல உக்காந்து துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு அழுதாரு, அப்புறம் எங்கிட்ட "ஆத்தா, நெசத்தச் சொல்லு ஆத்தா, ஒங்க அப்பச்சி உள்ளதான இருக்காரு"ன்னாரு. நான் இல்லைன்னேன். அன்னைக்கி அப்பச்சி மாடிலதான் இருந்தாக.

சரி, இதுல மூளை என்ன பண்ணுதுன்னு வருவோம், ஏன்னா இத எழுதுறதே அதுக்குத்தான்.

காதுக்கு நேர் உள்ளாற பக்கத்துக்கு ஒண்ணா அமிக்டலான்னு ஒரு பகுதி இருக்கு. ஆபத்தான்னு பாக்குறது அதோட பெரிய வேலை. ஜோசப் லெடூன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளரு எலிகள வச்சுப் பண்ண வேலைல, காதுல விழுற சத்தம் யோசிக்கிற பகுதிக்குப் போறதுக்கு முன்னாடியே ஒரு குறுக்கு வழியா அமிக்டலாவுக்குப் போயிருதுன்னு காட்டுனாரு. அதனாலதான் நமக்குப் புரியிறதுக்குள்ள உடம்பு தயாராயிருது, அட்ரினலின், கார்ட்டிசால்ங்கிற பதட்ட ஹார்மோன்க ஏறுது. இன்னொரு பகுதி ஹிப்போகாம்பஸ், இது எந்த எடம், எந்தக் காலம்னு சேத்துப் பதியுறது. ரொம்ப பயத்துல இருக்கையில இந்த எடம்-காலம் பதியுற வேலை சரியா நடக்காமப் போகலாம், சத்தமும் உடம்பு பட்ட பாடும் மட்டும் அழுத்தமா நின்னுரும். அதான் 2020களுக்கு வந்தப்புறமும் காலிங்பெல் அடிச்சா என் உடம்புக்கு 90கள்ல அடிக்கிற மாதிரியே இருந்துச்சு.

இது வரைக்கும் பயத்தோட கதை. இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. மூளை அந்தச் சம்பவத்தோட நிக்காது, அதுலேர்ந்து விதி எழுதும். உலகம் எப்படி, மனுசங்க எப்படி, நான் யாரு, எப்படி இருந்தா பிழைக்கலாம்னு. பாட்ரிசியா ரெசிக்னு ஒரு உளவியலாளரு உண்டாக்குன சிகிச்சை முறைல இந்த விதிகள அஞ்சு வகையாப் பாப்பாங்க: பாதுகாப்பு, நம்பிக்கை, கட்டுப்பாடு, மதிப்பு, நெருக்கம். எனக்கு அஞ்சுலயும் ஒண்ணு ஒண்ணு இருந்துச்சு. கதவைத் திறந்து நான்தான்னு சொன்னா அசிங்கம் வரும். யாரையும் நம்பக் கூடாது, நம்மையும் யாரும் நம்பக் கூடாது, ஏன்னா நம்புனவுகளுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தேன். நான் சரியாப் பேசுனாத்தான் வீடு தப்பிக்கும். அடுத்தவுகள அழ வைக்கிற வீட்டுப் புள்ள நான். யாரும் ரொம்பக் கிட்ட வந்தா உள்ள இருக்கறது தெரிஞ்சுரும்.

சின்னப் புள்ளைக ஏன் எல்லாத்தையும் தன் மேல போட்டுக்கும்னு எனக்கு ரொம்ப நாளா புரியல. இப்பப் புரியுது. அப்பச்சி சரியில்லைன்னு ஒன்பது வயசுல ஒத்துக்கிட்டா அப்புறம் எனக்கு யாரு இருக்கா? நான் சரியில்லைன்னு வச்சுக்கிட்டா பரவால்ல, நான் திருந்தலாம், இன்னும் நல்லா பொய் சொல்லலாம், இன்னும் கம்மியா செலவு வைக்கலாம். அதுல ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க. அந்த வயசுக்கு அது கெட்ட கணக்கே இல்ல.

இந்த விதிகள்ல சிலத ஊரே பாராட்டும், அதான் கண்டுபிடிக்கிறது கஷ்டம். நான் யாருக்கும் ஒத்தப் பைசா பாக்கி வைக்க மாட்டேன், கடைல சாமான் இறக்குனா அந்த நிமிசமே காசு, யார்கிட்டயும் உதவி கேக்க மாட்டேன், அடுத்தவுக ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் குடுத்தாக்கூட மறுநா திருப்பி வாங்கிக் குடுத்தாத்தான் தூக்கம் வரும். "எம்புட்டு நாணயமான பொண்ணு"ன்னு சொல்லுவாக. ஆர்டருக்கு அட்வான்ஸ் வாங்க மாட்டேன், அதையும் பெருமையாத்தான் நெனச்சேன். உள்ள போயிப் பாத்தா அது பெருமையும் இல்ல ஒண்ணும் இல்ல, அடுத்தவுக காசு முன்னாடியே என் கைக்கு வந்தா அது டெபாசிட், டெபாசிட்னா ஒருநா திண்ணைல யாராச்சும் அழுவாக. அவ்வளவுதான். அதனால என் கைக்காசு எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் ஆர்டர் எடுப்பேன், வருசக்கணக்கா தொழில் அங்கயே நின்னுச்சு.

எங்க ஐயா, அதாவது தாத்தா, கதையும் இங்க சொல்லணும். அவுக சின்ன வயசுல பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போனவுக. 1941 டிசம்பர்ல ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டான், அந்த வருசக் கடைசிலயும் 1942லயும் அங்க இருந்த இந்தியர்கள் லட்சக்கணக்குல கெளம்பி வந்தாங்க, கப்பல் கெடைக்காதவங்க காட்டு வழியா நடந்தாங்க, வழியிலயே காலராவுலயும் பசிலயும் செத்தவங்க பல ஆயிரம். ஐயா நடந்து வந்தவுக. எனக்கு நெனவு தெரிஞ்சு அவுக செருப்பைத் தலமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் படுப்பாக, ஒரு துணிப்பையில அவலும் வெல்லமும் எப்பவும் கட்டி வச்சிருக்கும், பூச்சி வந்தா மாத்திக் கட்டுவாக. யாராச்சும் சிரிச்சா "ஒங்களுக்கு என்னடா தெரியும்"னு மட்டும் சொல்லுவாக. காட்டுல அவுகள உசுரோட கொண்டு வந்த விதி, சண்டை முடிஞ்சு அம்பது வருசம் கழிச்சும் பட்டாலைல படுத்திருக்கையில ஓடிட்டே இருந்துச்சு. இதெல்லாம் மரபணு வழியா வருதான்னு கேப்பாங்க, மனுசங்க விசயத்துல அது இன்னும் முடிவான சங்கதி இல்ல. எனக்கு அது தேவையும் இல்ல, "கையில இருக்கறதுதான் ஒன்னுது, மத்ததெல்லாம் பேச்சு"ன்னு தெனம் கேட்டு வளந்தா போதாதா.

நான் டாக்டர்கிட்ட போனது இதுக்காக இல்ல, நெஞ்சு படபடப்புக்கு. ஈசிஜி எடுத்தாங்க, தைராய்டு பாத்தாங்க, எல்லாம் நார்மல். அந்த டாக்டர் நல்ல மனுசன், "நெஞ்சுல ஒண்ணும் இல்ல, ஆனா ஒங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு நான் சொல்லல"ன்னு சொல்லி மனநல டாக்டருக்கு எழுதிக் குடுத்தாரு. அந்த மனநல டாக்டர் கொஞ்ச நாளைக்கு மாத்திரை குடுத்தாரு, அதுல தூக்கம் நேராச்சு, தூக்கம் நேரானப்புறம்தான் மத்த வேலையே பாக்க முடிஞ்சுச்சு. மாத்திரைய நானா நிறுத்தல, அவரு சொல்லித்தான் படிப்படியாக் கொறச்சேன். அப்புறம் மதுரைல ஒரு சைக்காலஜிஸ்ட் மேடம்.

மேடம் பண்ணதுல பெரிய விசயம், விதிய வாதாடி ஜெயிக்கப் பாக்கல. நான் அதுக்கு முன்னாடி யூடியூப் பாத்து கண்ணாடி முன்னாடி நின்னு "நான் பாதுகாப்பா இருக்கேன்"னுலாம் சொல்லிப் பாத்திருக்கேன், உள்ளேர்ந்து ஒரு குரல் "போடி"ங்கும். பிள்ளையார்பட்டி போவேன், குன்றக்குடி போவேன், மனசு லேசாகும், வீட்டுக்கு வந்து பெல் அடிச்சா பழையபடிதான். சாமிய நான் கொறையாச் சொல்லல, அது வேற கணக்கு.

மேடம் விதிய ஒரு கணிப்பா மாத்தி எழுதச் சொன்னாங்க. "இப்படிப் பண்ணா இப்படி நடக்கும்"னு. ஆர்டர் நோட்டையே திருப்பி பின்பக்கத்துலேர்ந்து எழுத ஆரம்பிச்சேன். என்ன நடக்கும்னு மூளை சொல்லுது, எவ்வளவு உறுதி 100க்கு, அப்புறம் நெசமா என்ன நடந்துச்சு. செஞ்சு பாக்குறதுக்கு முன்னாடியே எழுதிறணும், அதுதான் சூட்சுமம், இல்லைன்னா முடிஞ்சப்புறம் மூளை "எனக்கு அப்பவே தெரியும்"னு மாத்திப் பேசும். சுலபமானதுலேர்ந்து ஆரம்பிச்சோம். தெரிஞ்ச ஆள் பெல் அடிச்சா நானே போய் திறக்குறது. தெரியாத நம்பரை எடுத்து பேரைச் சொல்றது. அட்வான்ஸ் கேக்குறது.

ரொம்பக் கஷ்டமானது மளிகைக் கடைல கடன் சொல்றது. உளுந்தும் பச்சரிசியும் வாங்கிட்டு "நாளைக்குத் தர்றேண்ணே"ன்னு சொல்லணும். நோட்டுல எழுதியிருந்தேன், அண்ணன் மொகம் மாறும், பக்கத்துல நிக்கிறவுக திரும்பிப் பாப்பாக, அப்பச்சி பேரு வரும், உறுதி 100க்கு 90. கடைல நின்னு நாக்கு ஒட்டிக்கிச்சு. கடைசில சொல்லிட்டேன். அவரு நிமிந்துகூடப் பாக்கல, காதுல செருகியிருந்த பேனாவ எடுத்து அட்டைல எழுதிட்டு "சரி ஆச்சி, வெல்லம் நல்லதா வந்துருக்கு, வேணுமா"ன்னாரு. நான் அன்னைக்கி ராத்திரி தூங்கல, மறுநா கடை ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாடியே காசோட நின்னேன். மேடம்கிட்ட பெருமையாச் சொன்னேன். அவங்க சிரிச்சுட்டு, "ஷட்டருக்கு முன்னாடி போய் நின்னீங்கல்ல, அப்ப மூளை என்ன கத்துக்கும்? சீக்கிரம் குடுத்ததாலதான் தப்பிச்சோம்னு கத்துக்கும். அடுத்த தடவ சாயங்காலம் குடுங்க"ன்னாங்க. இத சேஃப்டி பிஹேவியர்னு சொல்றாங்க. தப்பிக்கிறதுக்குன்னு ஓரமா நம்ம பண்ற சின்னச் சின்ன வேலை, அது இருக்குற வரைக்கும் கணிப்பு பொய்யின்னு மூளைக்குத் தெரியவே தெரியாது. எங்க வீட்டுக்காரவுக பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி மிஸ்டு கால் குடுப்பாக, எனக்காக, அன்பாத்தான். அதையும் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தச் சொன்னாங்க. வீட்ல இருக்குறவங்க இதக் கவனிக்கணும், ஆரம்பத்துல அந்த உதவி வேணும், அதுவே நெரந்தரமாயிட்டா நோயைத் தூக்கிச் சுமக்குற மாதிரி ஆயிரும். அதே நேரம் நீங்களா முடிவு பண்ணி ஒரேடியா கதவு முன்னாடி தள்ளி விட்றாதீங்க, அது சிகிச்சை இல்ல.

இதுல எல்லாம் மூளைல என்ன நடக்குதுன்னா, பழசு அழியிறது இல்ல. பழைய பேரேட்டுல எழுதுன பற்று அப்படியேதான் இருக்கும், நம்ம புதுசா வரவு வச்சுக்கிட்டே போறோம், நெலுவை மாறுது. அதனால ஒடம்பு சரியில்லாம இருக்கையில, தூக்கம் கெட்டா, வீட்ல ஒரு சாவு விழுந்தா, பழைய பக்கம் திரும்பத் தொறந்துக்கும். எனக்கு ஆத்தா தவறுனப்ப அப்படி ஆச்சு, ரெண்டு வாரம் யாரு போனையும் எடுக்கல. மொத்தமும் வீணாப் போச்சுன்னு அழுதேன், மேடம் இது எதிர்பாத்ததுதான்னாங்க, நோட்டைத் திரும்ப எடுத்தேன், இந்தத் தடவ சீக்கிரமே பழையபடி ஆயிட்டேன்.

எனக்கு ரொம்பப் புடிச்ச ஒரு ஆராய்ச்சி இருக்கு. 1967ல செலிக்மேன், மெயர்னு ரெண்டு பேரு நாய்கள வச்சு சோதனை பண்ணாங்க, தப்பிக்க முடியாத ஷாக் குடுத்தா அப்புறம் தப்பிக்க வழி இருந்தாலும் அதுக அப்படியே படுத்துருது, கையாலாகாத்தனத்தக் கத்துக்கிச்சுன்னு சொன்னாங்க. உலகம் பூரா பாடப்புத்தகத்துல இருக்கு. அதே ரெண்டு பேரு 2016ல, நாங்க அப்ப தலைகீழாச் சொல்லிட்டோம்னு எழுதுனாங்க. தொடர்ந்து அடி விழுந்தா ஒடுங்கிப் படுக்குறதுதான் மூளையோட இயல்பாம், யாரும் கத்துக்க வேண்டியதில்ல. கத்துக்க வேண்டியது ‘என்னால ஏதோ மாத்த முடியும்’ங்கிறத, அத மூளையோட முன்பகுதிதான் கத்துக்குது. இதப் படிச்சப்ப எனக்கு அவ்வளவு ஆறுதல். நான் கோழையாயிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், ஒண்ணும் ஆகல, கத்துக்க வேண்டிய பாடம் ஒண்ணு பாக்கி இருந்துச்சு. அதனாலதான் மளிகைக் கடை மாதிரி அல்ப விசயத்துக்கு இவ்வளவு மதிப்பு, அத நான் பண்ணேன், யாரும் எனக்காகப் பண்ணல.

உடம்புக்கு: மூச்ச நல்லா இழுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கு இழுக்க இழுக்க படபடப்பு கூடுச்சு. வெளிய விடுறத நீளமா விடணும், அதுதான் வேலை செஞ்சுச்சு. இன்னொண்ணு, வெறுங்காலோட ஆத்தங்குடித் தரைக்கல்லுல நின்னு அந்தக் குளிர்ச்சியக் கவனிச்சுக்கிட்டே, எனக்கு இப்ப என்ன வயசு, இது யாரு வீடு, கதவுச் சாவி யார்கிட்ட இருக்குன்னு மனசுக்குள்ள சொல்லுவேன். ஹிப்போகாம்பஸ் அன்னைக்கி பதியாம விட்ட எடத்தையும் காலத்தையும் இப்ப நான் எடுத்துக் குடுக்குறேன்னு வச்சுக்கங்க.

அந்தப் பெரியவரு விசயம் இதுல எதுலயும் தீரல. மேடம் ஒருநா கேட்டாங்க, "அன்னைக்கி அந்த ஒன்பது வயசுப் புள்ளைக்கு என்னென்ன தெரியும், எது தெரியாது, அவ கையில என்ன இருந்துச்சு?" எழுதிப் பாத்தேன். எவ்வளவு காசுன்னு தெரியாது, எங்க போச்சுன்னு தெரியாது, மாடில ஆள் இருக்குன்னு மட்டும் தெரியும், சொன்னா ஆத்தா என்ன ஆவாங்கன்னு தெரியும். பக்கத்து வீட்ல ஒன்பது வயசுல ஒரு புள்ள இருக்கு, சடை பின்னக்கூட இன்னும் அம்மாகிட்டதான் ஓடும். அதப் பாத்துட்டு வந்து நோட்டுல, "இவள அந்தத் திண்ணைக்கு அனுப்புவேனா"ன்னு எழுதுனேன், எழுதிட்டு ரொம்ப நேரம் அழுதேன். எங்க பங்கு நெலத்த வித்து கொஞ்சப் பேருக்கு குடுத்தாக, எல்லாருக்கும் குடுக்கல. அவருக்குக் கெடைச்சுச்சான்னு எனக்குத் தெரியாது. அவருக்கு நடந்தது அநியாயம், அத நான் பண்ணல, ரெண்டும் நெசம். ஒண்ணச் சொல்லி இன்னொண்ண அமுக்கக் கூடாதுன்னு இப்ப இருக்கேன். என் மனசு ஆறுறதுக்காக அந்தக் குடும்பம் மறந்துரணும்னு நெனைக்கிறதும் தப்புதான்.

இதே மாதிரி இருக்குறவங்களுக்கு ரெண்டு மூணு விசயம். மனசு விட்டுப் பேசு பேசுன்னு யாராச்சும் நெருக்குனா பேச வேண்டியதில்ல, பெரிய சம்பவம் நடந்த உடனே ஆளை உக்கார வச்சு எல்லாத்தையும் சொல்ல வைக்கிறது உதவாது, சிலருக்கு மோசமாக்கும்னே ஆராய்ச்சிகள் சொல்லுது. ட்ராமாவ, அதாவது மனசுல விழுந்த காயத்த, மையமா வச்சுப் பண்ற சிபிடி (CBT, நெனப்பையும் நடத்தையையும் மாத்துற பேச்சு சிகிச்சை), அப்புறம் ஈஎம்டிஆர் (EMDR, கண்ணை அசைச்சுக்கிட்டே பழைய நெனவ எடுத்துப் பாக்குற சிகிச்சை), இந்த ரெண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013லயே பரிந்துரை பண்ணியிருக்கு, அதுல பயிற்சி இருக்கான்னு கேட்டுட்டுப் போங்க, கேக்குறது மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல. வீட்ல இப்பவும் அடி உதை, மெரட்டல் நடந்துட்டு இருந்தா இந்த நோட்டு வேலையெல்லாம் அப்புறம், அங்க மூளை சொல்ற ஆபத்து பொய்யில்ல, மொதல்ல பத்திரமான எடம்.

காசு இல்லைன்னு விட்றாதீங்க. 14416க்கு போன் பண்ணா டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், 2022லேர்ந்து இருக்கு, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், இலவசம். மாவட்ட மனநலத் திட்டம்னு எல்லா மாவட்டத்துலயும் இருக்கு, நம்ம பக்கம்னா சிவகங்கை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில போய்க் கேக்கலாம். போகையில பழைய மாத்திரைச் சீட்டு, ஈசிஜி எல்லாம் எடுத்துட்டுப் போங்க. மொதத் தடவ டாக்டர் முன்னாடி உக்காந்தா வாய் வராது, ‘இப்படிப் பண்ணா இப்படி ஆகும்’னு ஒங்க மூளை சொல்றத நாலு வரி ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போயி நீட்டிருங்க, நான் அப்படித்தான் பண்ணேன், மீதிய அவங்களே கேட்டுக்கிட்டாங்க.